6 அடி 2 அங்குலத்துக்குக் கீழே உள்ள பாயிண்ட் கார்டை டிராஃப்டில் எந்த இடத்தில் எடுக்கலாம்?

ஹேண்டில்ஸ்மணி

என்பிஏ கூடைப்பந்து அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதற்கு முன் சிகாகோவில் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைன் முடிந்த மறுநாள் மாக் டிராஃப்ட்களை, அதாவது யார் எந்த இடத்தில் போவார் என்ற கணிப்புப் பட்டியல்களை, திறந்து பாருங்கள். கல்லூரியில் நாலு வருஷம் அணியைத் தூக்கி நிறுத்திய பையன், வெறுங்காலில் அளந்தபோது 6 அடிதான் வந்தான் என்பதற்காகப் பத்து இடம் கீழே இறங்கியிருப்பான். அவனைத் தாண்டி மேலே ஏறியவன் 6 அடி 5 அங்குலம். ஷாட் சரியில்லை, நெருக்கினால் பந்தைப் பறிகொடுப்பான், ஆனால் "வளர இடம் இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். இதை ஒருமுறை ஒழுங்காகப் பேசித் தீர்க்கலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பத்து இடத்துக்குள் சின்ன பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் உயரம் குறைந்த ஆளை, எடுக்க என்பிஏ அணிகள் தயங்குவது நியாயம்தான். அங்கே எடுக்கிற ஆளைச் சுற்றித்தான் மொத்த அணியையும் கட்ட வேண்டும். ஆனால் 20ஆவது இடம் தாண்டிய பிறகும் அதே தயக்கத்தைக் காட்டுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் வில்லனோவா கல்லூரிதான் என்சிஏஏ (கல்லூரிகளுக்கான போட்டி) சாம்பியன். அணியின் பாயிண்ட் கார்டு ஜேலன் பிரன்சன், நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். 2016இல் அதே கல்லூரி கோப்பை வென்றபோதும் அணியில் இருந்தவர். டிராஃப்ட் இரவில் வில்லனோவாவிலிருந்து மிகேல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30. அப்புறம்தான் பிரன்சன், 33. நாட்டிலேயே சிறந்தவர் என்று விருது வாங்கியவர், தன் கல்லூரியிலேயே நாலாவதாகப் போனார்.

2011 இன்னும் கொடுமை. சாக்ரமென்டோ கிங்ஸுக்கு அந்த டிராஃப்டில் இரண்டு கார்டுகள் வந்தார்கள். 10ஆவது தேர்வில் வந்த ஜிம்மர் ஃப்ரெடெட், 6 அடி 2. 60ஆவது தேர்வில், அதாவது ஆகக் கடைசியில், ஐசயா தாமஸ், 5 அடி 9. ஐந்து அங்குலத்துக்கு ஐம்பது இடம் வித்தியாசம். ஃப்ரெடெட் சில வருஷத்தில் என்பிஏவை விட்டே போய்விட்டார். தாமஸ் 2016-17 சீசனில் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்கு 28.9 பாயிண்ட் எடுத்து எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஓட்டெடுப்பில் ஐந்தாம் இடம் பிடித்தார். 2024 எம்விபி ஓட்டெடுப்பில் பிரன்சன் எந்த இடம் தெரியுமா? அதே ஐந்து.

சொல்லுங்கள். அணிகள் எதைப் பார்த்துப் பயப்படுகின்றன?

பெரியகை

மணி அண்ணா, எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நான் சொல்கிறேன். பிளேஆஃபை, சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் தொடர்களை, பார்த்து.

2016 ஃபைனல், கிளீவ்லாந்துக்கும் கோல்டன் ஸ்டேட்டுக்கும் ஏழாவது ஆட்டம், 89-89. ஒரு நிமிஷம்தான் பாக்கி. பந்து கைரி இர்விங் கையில். அவரைக் காத்து நின்றவர் க்ளே தாம்ப்சன், 6 அடி 6, அருமையான டிஃபெண்டர். கிளீவ்லாந்து என்ன செய்தது? கோல்டன் ஸ்டேட்டின் பாயிண்ட் கார்டு ஸ்டெஃபன் கறி யாரைக் காக்கிறாரோ அந்த ஜே.ஆர். ஸ்மித்தைக் கூப்பிட்டு ஸ்க்ரீன் போட, அதாவது டிஃபெண்டரின் வழியை மறித்து நிற்க, வைத்தது. கோல்டன் ஸ்டேட் ஸ்விட்ச் செய்தது, அதாவது காக்கும் ஆட்களை மாற்றிக்கொண்டது. இப்போது இர்விங் முன்னால் நிற்பவர் கறி. வலது பக்கம் இரண்டு மூன்று டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது), ஒரு அடி பின்வாங்கல், மூன்று பாயிண்ட். 92-89. 53 விநாடி மீதி. சாம்பியன்ஷிப் அங்கேயே முடிந்தது.

கறி சோம்பேறி டிஃபெண்டர் இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு முகத்துக்கு நேராகத்தான் போனார். ஆனால் அந்த ஷாட்டைத் தொடும் அளவுக்கு அவருக்குக் கை எட்டாது. அவ்வளவுதான் விஷயம். 6 அடி 2 அங்குல கறிக்கே இந்த நிலைமை என்றால், 5 அடி 11 பையனை நம்பி ஒரு ஜெனரல் மேனேஜர் எப்படித் தன் வேலையைப் பணயம் வைப்பார்?

80களில் இது இவ்வளவு பெரிய பிரச்சினையாக இல்லை. மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். 1987இல் வாஷிங்டன் அவரை 12ஆவது இடத்தில் எடுத்தது. 14 சீசன் ஆடினார். அன்றைக்கு ஒவ்வொருவரும் அவரவர் ஆளைக் காப்பார்கள், ஸ்க்ரீனுக்கு மேலேயோ கீழேயோ சுற்றி வருவார்கள். இப்போது எல்லா அணியும் பந்து தன் கைக்கு வரும் ஒவ்வொரு பொசெஷனிலும் எதிரணியின் சின்ன ஆள் எங்கே நிற்கிறான் என்று தேடிப் பிடித்து, அவன் மேல் தன் சிறந்த ஸ்கோரரை ஏவுகிறது. போக்ஸ் இன்று டிராஃப்டுக்கு வந்தால் 12ஆவது இடம் கிடைக்காது. இரண்டாவது ரவுண்டில் கிடைத்தாலே பெரிது.

சாம்பியன்களை வரிசையாகப் பாருங்கள். 2020 லேக்கர்ஸில் பந்தை நடத்தியது லெப்ரான். 2021 மில்வாக்கியில் ஜ்ரூ ஹாலிடே, 6 அடி 4. 2023 டென்வரில் ஜமால் மர்ரி, 6 அடி 4. 2024 பாஸ்டனில் ஹாலிடேயும் டெரிக் ஒயிட்டும், இருவரும் 6 அடி 4. 2025 ஓக்லஹோமாவில் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், 6 அடி 6. நடுவில் 2022இல் கறி மட்டும் வருகிறார், அவர் மாதிரி ஷூட்டர் இன்னொருவர் பிறக்கவில்லை.

ஸ்காபுரோவாசி

பெரியகை, 2019ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் வென்ற வருஷம். கைல் லோரி 6 அடி, 2006இல் 24ஆவது தேர்வு. ஃப்ரெட் வான்வ்லீட் 6 அடி, 2016இல் அவரை ஒருவருமே எடுக்கவில்லை. இரண்டு ஆறடிக்காரர்களும் ஒன்றாகக் களத்தில் நின்றுதான் அந்தக் கோப்பை வந்தது.

வான்வ்லீட்டின் கதையை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். டிராஃப்ட் இரவில் இரண்டாவது ரவுண்டில் எடுக்கச் சில அணிகள் தயாராக இருந்தன. ஆனால் குறைந்த சம்பளத்தில் டெவலப்மென்ட் லீக்கில் விளையாட ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வருஷம் கழித்து ஃபைனல் ஆறாவது ஆட்டத்தில் 22 பாயிண்ட், அதில் 12 நாலாவது குவார்ட்டரில். கறியின் பின்னால் அந்தத் தொடர் முழுக்க ஓடியதும் அவர்தான். நாலாவது ஆட்டத்தில் ஷான் லிவிங்ஸ்டனின் முழங்கை பட்டு முகம் கிழிந்து தையல் போட்டார்கள். லிவிங்ஸ்டன் 6 அடி 7, 2004இல் நாலாவது தேர்வாகப் போன பாயிண்ட் கார்டு! அடுத்த ஆட்டத்தில் வான்வ்லீட் வந்து நின்றார். இங்கே சனம் அதை இன்றைக்கும் கதைக்கும்.

பெரியகை

வான்வ்லீட் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் காத்தது யாரை? கறியை. இன்னொரு சின்ன கார்டை. அவருக்குப் பின்னால் கவாய் லெனார்ட், டேனி கிரீன், சியாகம், கசோல், இபாகா நின்றார்கள். அப்படி ஒரு மதில் எத்தனை அணிக்கு வாய்க்கும்?

கோச்செல்வி

பெரியகை தம்பி, நீங்கள் சொன்ன அதே ஏழாவது ஆட்டத்தில் அடுத்த பொசெஷனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இர்விங் ஷாட் விழுந்ததும் பந்து கோல்டன் ஸ்டேட்டிடம். அங்கேயும் ஸ்விட்ச் நடந்தது. கறி முன்னால் வந்து மாட்டியவர் கெவின் லவ், 6 அடி 10 இருந்த பவர் ஃபார்வர்டு, டிஃபென்ஸில் பெயர் வாங்காதவர். கறி இடம் வலமாக ஆட்டிப் பார்த்தார், பாஸ் கொடுத்துத் திரும்ப வாங்கினார், லவ் விடவில்லை. ஷாட் விழவில்லை. அந்த நாளில் யார் கால் ஒழுங்காக நகர்ந்ததோ அவர் ஜெயித்தார்.

நான் பள்ளிப் பெண்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். பிரன்சனின் ஆட்டத்தைப் போட்டுக் காட்டாத வாரமே கிடையாது. உயரத்தைப் பற்றிப் பேசுகிற நாம் உடம்பின் அடிப்பாகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பிரன்சன் ரிம்முக்கு, அதாவது கூடை வளையத்துக்கு, போகும்போது வேகமாகப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டியதும் தோளால் டிஃபெண்டரின் நெஞ்சில் ஒரு தட்டு. அவன் அரை அடி பின்னால் போவான். இவர் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்பார். பெரிய ஆள் பிளாக் செய்யக் குதிக்கிறானா என்று பார்ப்பார். குதித்தால் பிவட் போட்டு, அதாவது ஒரு காலை ஊன்றியபடியே திரும்பி, அடியில் புகுந்து ஃபவுல் வாங்குவார். குதிக்காவிட்டால் அங்கேயே சின்ன ஜம்ப்பர். இடது கை வேறு. இதில் எந்த இடத்திலும் உயரம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது தொடை, இடுப்பு, நிதானம்.

கிறிஸ் பால் 6 அடி. 2005இல் நியூ ஆர்லியன்ஸ் நாலாவதாக எடுத்தது. இருபது சீசனுக்கு மேல் ஆடினார். அவரை போஸ்ட்டில், கூடைக்குப் பக்கத்தில், தள்ளிக்கொண்டு உள்ளே போக முயன்ற பெரியவர்கள் பலர் பந்தைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். லோரியும் அப்படித்தான், முட்டினால் நகரமாட்டார். அதனால்தான் சொல்கிறேன், சின்ன கார்டுகளை ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது. கனமான சின்ன ஆள் வேறு, மெலிந்த சின்ன ஆள் வேறு. 2024இல் ராப் டில்லிங்ஹம் கம்பைனில் 164 பவுண்டு. அவர் எட்டாவதாகப் போனார். அந்த எடைதான் எனக்குக் கவலை, உயரம் இல்லை.

நிக்ஸ்வெறியன்

செல்வி அக்கா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எங்கள் நியூயார்க் நிக்ஸின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பிரன்சன் பிவட் போடும்போது கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம் நிக்ஸ்காரனாக எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். 2017இல் நாங்கள் எட்டாவதாக ஃப்ராங்க் நிலிகினாவை எடுத்தோம். 6 அடி 4, விங்ஸ்பேன் (இரு கையையும் விரித்த நீளம்) 7 அடி. பத்தொன்பது வயசு நிறையாத பிரெஞ்சுப் பையன், நல்ல டிஃபெண்டர், ஆனால் ஷாட் வரவே இல்லை. 13ஆவதாக டானவன் மிட்செல் போனார். அப்போது எல்லாருக்கும் உயரமும் நீளமும்தான் கண்ணில் பட்டது.

டீப்பெஞ்ச்

நிக்ஸ்வெறியன், மிட்செல் உங்கள் வாதத்துக்கு உதவமாட்டார். வெறுங்காலில் 6 அடி 1 இருந்தாலும் அவர் விங்ஸ்பேன் 6 அடி 10. நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் அவரைவிட உயரமான பல பேருக்குச் சமமாக எட்டும். தலை எங்கே முடிகிறது என்பதை வைத்து யாரும் ஷாட்டைத் தடுப்பதில்லை, கை எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. 2024 டிராஃப்டில் ஹூஸ்டன் எடுத்த ரீட் ஷெப்பர்டு கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் விங்ஸ்பேன் 6 அடி 3 சொச்சம். காகிதத்தில் இரட்டையர், களத்தில் டிஃபென்ஸ் பக்கம் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இழையில் ஒரு பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். ஜெயித்த சின்ன ஆட்களை மட்டும் பட்டியல் போட்டால் எந்த வாதமும் ஜெயிக்கும். தோற்றவர்களையும் எழுதுவோம்.

ஜானி ஃப்ளின், 6 அடி, 2009இல் ஆறாவது தேர்வு. மினசோட்டா அவரை எடுத்ததால்தான் கறி ஏழாவதாக கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ட்ரே பர்க், 6 அடி 1, மிச்சிகனில் அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரர், 2013இல் ஒன்பதாவது. பெஞ்சிலும் பல அணிகளிலுமாக முடிந்தது. ஷபாஸ் நேப்பியர் கனெக்டிகட்டை 2014இல் சாம்பியன் ஆக்கினார், 24ஆவதாகப் போனார், நிலைக்கவில்லை. டைலர் யூலிஸ், 5 அடி 10, கென்டக்கியில் கண்ணை எடுக்க முடியாத ஆட்டக்காரர், 2016இல் 34ஆவது, சில சீசனோடு சரி. கன்சாஸ் ஸ்டேட்டின் மார்க்விஸ் நொவெல் 2023 என்சிஏஏ டோர்னமென்டில் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் (கூடை விழ வழிவிடும் பாஸ்) கொடுத்து ரெக்கார்டு வைத்தார். 5 அடி 8. டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை.

இவர்கள் யாருக்கும் திறமைக் குறைவு இல்லை. கல்லூரியில் எதிரே நிற்கும் பெரிய ஆள் 6 அடி 8, மெதுவானவன், அவன் கைக்கு மேலாக மெல்லத் தூக்கி ஃப்ளோட்டர் ஷாட் போடலாம். என்பிஏவில் அந்த இடத்தில் 6 அடி 11 ஆள் நிற்பான், அவன் விங்ஸ்பேன் 7 அடி 4, அவன் கார்டு மாதிரி ஓடுவான். கல்லூரியில் ரிம் அருகே விழுந்த பந்தில் பாதி இங்கே விழாது. ஒரு சின்ன கார்டுக்கு மூன்று பாயிண்ட்டைப் பந்தை டிரிபிள் செய்தபடியே நின்று அடிக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் டிஃபெண்டர் ஸ்க்ரீனுக்குக் கீழே போய் உள்ளே காத்திருப்பான், ஆட்டம் முடிந்தது.

ஸ்காபுரோவாசி

டீப்பெஞ்ச் அண்ணை, அப்படியென்றால் உயரமான பொயின்ட் கார்டுகளில் தோற்றவர்களையும் எழுத வேண்டும்தானே? மைக்கேல் கார்டர்-வில்லியம்ஸ் 6 அடி 6, 2014இல் ரூக்கி ஆஃப் த இயர் (சிறந்த புதுமுகம்), ஷாட் இல்லாததால் அப்புறம் இறங்குமுகம். கிலியன் ஹேய்ஸ் 6 அடி 5, 2020இல் டெட்ராய்ட் ஏழாவதாக எடுத்தது. அதே டிராஃப்டில் டைரீஸ் ஹாலிபர்டன் 12, டைரீஸ் மேக்ஸி 21. ஹாலிபர்டனும் 6 அடி 5தான், மேக்ஸி 6 அடி 2. இரண்டு பேரும் ஹேய்ஸைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார்கள். ஷாட் இருக்கிறதா என்ற கேள்வி முதலில், உயரம் இரண்டாவது.

ஹேண்டில்ஸ்மணி

டீப்பெஞ்சின் பட்டியல் நியாயமானது. ஆனால் அந்தப் பட்டியலை இடத்தோடு சேர்த்துப் படியுங்கள். அணிக்கு உண்மையில் வலித்தது ஃப்ளினும் பர்க்கும்தான், ஆறாவது, ஒன்பதாவது. யூலிஸ் 34, அவர் நிலைக்காததால் ஃபீனிக்ஸுக்கு என்ன நஷ்டம்? அந்த இடத்தில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் நிலைப்பதில்லை, உயரமானவர்களும் சேர்த்துத்தான்.

மேலே எடுத்தால் எவ்வளவு செலவாகும் என்பதற்கு அட்லாண்டாவைப் பாருங்கள். 2018இல் டோன்சிச்சை டல்லாஸுக்குக் கொடுத்து, ஐந்தாவதாகப் போன ட்ரே யங்கையும் ஒரு எதிர்கால முதல் ரவுண்டு தேர்வையும் வாங்கினார்கள். யங் அபாரமான பாஸர், 2021இல் அணியைக் கிழக்குப் பிரிவு ஃபைனல் வரை கொண்டுபோனார். ஆனால் அவரை டிஃபென்ஸில் மறைக்க வேண்டுமே! 2022இல் டிஜான்டே மர்ரியைக் கொண்டுவர மூன்று முதல் ரவுண்டு தேர்வுகள் போயின. அது சரிப்படவில்லை, அப்புறம் டைசன் டேனியல்ஸ். ஒரு சின்ன கார்டுக்காக இரண்டு மூன்று முறை விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஃபிலடெல்பியா 2001இல் ஐவர்சனுக்கு இதைச் சுலபமாகச் செய்தது: பக்கத்தில் எரிக் ஸ்னோவைப் போட்டு, பெரிய கார்டை அவர் காக்க, ஐவர்சன் சின்ன கார்டைக் காத்தார். அந்த வருஷம் ஐவர்சன் எம்விபி, அணி ஃபைனலில். ஆனால் அதற்கு மொத்த அணியுமே அவருக்காக அமைக்கப்பட்டிருந்தது. இதனால்தான் முதல் பத்தில் யோசியுங்கள் என்கிறேன்.

20ஆவது இடம் தாண்டினால் கணக்கே வேறு. இதில் கான்ட்ராக்ட் விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. முதல் ரவுண்டில் எடுத்த வீரர் நாலு வருஷ ரூக்கி கான்ட்ராக்டை முடித்தால் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட். வேறு அணி எவ்வளவு தந்தாலும் சொந்த அணி அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரன்சன் 33ஆவது என்பதால் இரண்டாவது ரவுண்டு கான்ட்ராக்ட். நாலு வருஷம் முடிந்ததும் 2022இல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நியூயார்க்குக்கு நடந்து போனார், நாலு வருஷத்துக்கு 104 மில்லியன் டாலர். டல்லாஸுக்குப் பதிலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவரை மூன்று நாலு இடம் முன்னால் முதல் ரவுண்டில் எடுத்திருந்தால் உரிமை கையில் இருந்திருக்கும்.

எனவே முதல் ரவுண்டின் கடைசியில் இருக்கும் நல்ல அணிக்கு நான் சொல்வது இதுதான்: உங்களிடம் ஏற்கெனவே உயரமான ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று நாலு வருஷம் கல்லூரியில் ஆடிய, பலமான உடம்பும் நம்பகமான ஷாட்டும் உள்ள சின்ன பாயிண்ட் கார்டு அங்கே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

பெரியகை

இப்படிச் சொன்னால் நான் பெரிதாகச் சண்டை போடமாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்ளுங்கள்: காயம். ஐசயா தாமஸ் அந்த 28.9 பாயிண்ட் சீசனில் இடுப்புக் காயத்தோடு ஆடினார். வாஷிங்டனுக்கு எதிராகப் பிளேஆஃபில் 53 பாயிண்ட் அடித்தது அந்த உடம்போடுதான். அதே கோடையில் பாஸ்டன் அவரை கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. பழைய ஐசயாவை மறுபடி யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு இரவும் தன்னைவிட ஒரு அடி உயரமானவர்கள் மேல் விழுந்து எழும் உடம்பு அது. வேகம் ஒரு பங்கு குறைந்தால் 6 அடி 6 ஆள் வேறு வேலை செய்து பிழைத்துக்கொள்வான். 5 அடி 9 ஆளுக்கு அந்த வழி கிடையாது.

கோச்செல்வி

ஸ்டாக்டனை மறக்காதீர்கள் தம்பி. 6 அடி 1, 1984இல் 16ஆவது தேர்வு. 19 சீசனில் 22 ஆட்டம் மட்டும்தான் தவறவிட்டார். 15,806 அசிஸ்ட், இன்னும் யாரும் கிட்டே வரவில்லை. உடம்பை முட்டக் கொடுக்காமல் முன்கூட்டியே பாஸ் கொடுத்துவிடுகிற சின்ன கார்டு நீண்ட நாள் ஆடுவார். ரிம்மை மட்டுமே நம்பியவருக்குத்தான் நீங்கள் சொல்லும் ஆபத்து.

டீப்பெஞ்ச்

இன்னொரு பக்கம் உயரத்துக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பையும் பாருங்கள். 2015இல் நம் பஞ்சாப்காரர் சத்னாம் சிங், 7 அடி 2, டல்லாஸ் 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் போன முதல் ஆள் என்பதில் எல்லாருக்கும் பெருமைதான். என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. அதே டிராஃப்டில் அரிசோனாவின் டி.ஜே. மெக்கானலை, 6 அடி 1, ஒருவரும் எடுக்கவில்லை. பத்து வருஷம் கழித்து 2025 ஃபைனலில் இந்தியானாவுக்காக பெஞ்சிலிருந்து வந்து ஓக்லஹோமாவைத் திணறடித்தார். கோட்டுக்கு வெளியே இருந்து உள்ளே போடும் இன்பவுண்டு பாஸையே பறித்துக்கொண்டு போனார்.

நிக்ஸ்வெறியன்

மணி அண்ணா, அப்படியென்றால் 2024இல் ஹூஸ்டன் ரீட் ஷெப்பர்டை மூன்றாவதாக எடுத்தது உங்கள் கணக்கில் சரியா தப்பா? கென்டக்கியில் மூன்று பாயிண்ட்டில் 52 சதவீதம். கம்பைனில் 42 அங்குலம் குதித்தார்.

ஹேண்டில்ஸ்மணி

பொதுவாக மூன்றாவது இடத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஹூஸ்டனில் ஒப்புக்கொள்வேன். சின்ன கார்டை மறைக்க வேண்டிய ஆட்கள் அங்கே முதலிலேயே இருந்தார்கள்: ஆமென் தாம்ப்சன், டாரி ஈசன், ஜபாரி ஸ்மித். அட்லாண்டா பின்னால் விலை கொடுத்து வாங்கியதை ஹூஸ்டன் முன்னாலேயே சேர்த்து வைத்திருந்தது. ஷெப்பர்டுக்கு முதல் சீசனில் பெரிதாக நேரம் கிடைக்கவில்லை, காரணம் அவருக்கு முன்னால் நின்றவர் ஸ்காபுரோவாசியின் வான்வ்லீட். 2025 செப்டம்பரில் வான்வ்லீட்டின் முழங்கால் போனதும் பந்து பையன் கைக்கு வந்தது.

அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பாயிண்ட் எண்ணிக்கையை விடுங்கள். எதிரணி ஸ்க்ரீன் போட்டு அவரைத் தேடி வரும்போது ஹூஸ்டன் ஸ்விட்ச் செய்கிறதா, இல்லை அவரை முன்கூட்டியே வேறு ஆளிடம் மாற்றி வைக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஐந்து நிமிஷத்தில் கோச் உடோகா அவரைக் களத்தில் வைக்கிறாரா என்றும் பாருங்கள். பார்த்ததை இங்கேயே எழுதுங்கள், இழையை மூட வேண்டாம்.